பயன்படாத ஆன்போர்டு ஆடியோ, லேன், சீரியல் போர்ட்: பயோஸில் எதை நிறுத்தலாம், எதைத் தொடாமல் விடலாம்?

வெற்றுத்துளை:

எச்470 போர்டு, ஐ5-10400, தனி கிராஃபிக்ஸ் கார்டு. ஒரே ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி (பிசிஐஇ வழியாக நேராக இணைவது). சாட்டா போர்ட் (கேபிள் வழியாக டிஸ்க் மாட்டும் இடம்) எல்லாம் காலி. ஒலிக்கு யுஎஸ்பியில் மாட்டும் வெளி ஒலிக்கருவி (டிஏசி). நெட்வொர்க் கேபிள் போவது பிசிஐஇ 2.5 கிகாபிட் கார்டுக்கு. போர்டிலேயே உள்ள ரியல்டெக் கிகாபிட் லேன் சும்மா கிடக்கிறது. சீரியல் போர்ட்டுக்கு போர்டில் பின் வரிசை மட்டும் உண்டு, அதில் எதுவும் செருகவில்லை. விண்டோஸ் 11-ம் லினக்ஸும் டூயல் பூட்.

இப்படிச் சும்மா கிடப்பதையெல்லாம் பயோஸிலேயே (ஓஎஸ் ஏறுவதற்கு முன் ஓடும், போர்டின் சொந்த மென்பொருள்) நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன். டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வேகமோ மின்சாரமோ மிச்சமாகுமா? எதையாவது நிறுத்தப் போய் திரையே வராமல் போனால் மீட்க வழி என்ன?

பழைய ஜம்பர்:

வித்தியாசம் பெருசு. டிவைஸ் மேனேஜர்ல டிசேபிள் பண்ணினா, விண்டோஸ் டிரைவரை மட்டும் இறக்கி வைக்குது. சிப் பஸ்ல அப்படியேதான் இருக்கும். அடுத்து லினக்ஸை பூட் பண்ணினா அது கண்டுபிடிச்சு தன் டிரைவரை ஏத்திடும். விண்டோஸை மறுபடி போட்டாலும் பழையபடி வந்து நிக்கும். பயோஸ்ல நிறுத்தினா கதை வேற. சிப்செட்டுக்கு உள்ளேயே இருக்கிற சாதனம்னா (ஆடியோ கன்ட்ரோலர், சாட்டா கன்ட்ரோலர்) அதை பிசிஐ பட்டியல்லேர்ந்தே ஃபர்ம்வேர் (பயோஸ்தான்) மறைச்சிடும். உங்க ரியல்டெக் மாதிரி தனி சிப்னா, பெரும்பாலான போர்டுகள்ல அது தொங்குற பிசிஐஇ ரூட் போர்ட்டையே (அது இணையுற வாசல்) மூடிடும். எந்த ஓஎஸ் வந்து எண்ணிப் பார்த்தாலும் அங்கே ஒண்ணும் இருக்காது. டூயல் பூட்டுக்கு இதுதான் சரி.

உள்ளே போக டெலிட் அல்லது எஃப்2. ஃபாஸ்ட் பூட்டால கீயைப் பிடிக்க நேரம் கிடைக்கலைன்னா, விண்டோஸ்ல ஷிஃப்டை அழுத்திக்கிட்டே ரீஸ்டார்ட் கொடுங்க. டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். மெனு பேர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அசுஸ்ல எஃப்7 அழுத்தி அட்வான்ஸ்டு மோடுக்குப் போனா 'ஆன்போர்டு டிவைசஸ் கான்ஃபிகரேஷன்'. கிகாபைட் புதுசுல செட்டிங்ஸ், 'ஐஓ போர்ட்ஸ்'. எம்எஸ்ஐ-ல செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, 'இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ்'. ஏஎஸ்ராக்ல லேனும் ஆடியோவும் 'சிப்செட் கான்ஃபிகரேஷன்'ல. சீரியல் போர்ட் மட்டும் 'சூப்பர் ஐஓ கான்ஃபிகரேஷன்'னு தனியா. திங்க்பேட் லேப்டாப்ல தேடினா செக்யூரிட்டி மெனுவுக்குள்ள 'ஐஓ போர்ட் ஆக்சஸ்'. கேமரா, மைக், புளூடூத் எல்லாம் அங்கதான்.

இப்போ ஒண்ணொண்ணா.

ஆடியோ: 'எச்டி ஆடியோ கன்ட்ரோலர்' டிசேபிள்டு. உங்க கேஸ்ல தாராளமா நிறுத்தலாம். ஒரே ஒரு விஷயம்: மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டுலதான் இருக்கான்னு பார்த்துக்கோங்க. கார்டுக்கு அதோட சொந்த எச்டிஎம்ஐ ஆடியோ இருக்கு, அது பாதிக்காது. ஆனா இந்தத் தலைமுறை இன்டெல்ல ப்ராசசருக்குள்ள இருக்கிற கிராஃபிக்ஸோட எச்டிஎம்ஐ ஒலி, சிப்செட்டோட அதே எச்டி ஆடியோ கன்ட்ரோலர் வழியாத்தான் போகுது. போர்டு பின்னாடி இருக்கிற எச்டிஎம்ஐ-ல டிவி மாட்டி வெச்சிருக்கிறவங்க இதை நிறுத்தினா டிவில படம் வரும், சத்தம் வராது. அப்புறம் டிவியைத் திட்டுவாங்க.

லேன்: 'ஆன்போர்டு லேன் கன்ட்ரோலர்' டிசேபிள்டு. அதோட 'பிஎக்ஸ்இ ஆப்ஷன் ராம்' (நெட்வொர்க் வழியா பூட் பண்ண சிப்போட வர்ற சின்ன ப்ரோக்ராம்), 'நெட்வொர்க் ஸ்டேக்' ரெண்டையும் சேர்த்து நிறுத்துங்க. லேன் சிப்பை வெச்சுக்கிறவங்களும் இந்த ரெண்டை நிறுத்தணும்னுதான் சொல்வேன். நெட்வொர்க் வழியா பூட் பண்ணாத கம்ப்யூட்டருக்கு அது தேவையே இல்லை. பூட் வரிசைல பிஎக்ஸ்இ மேல வந்து உட்கார்ந்துட்டா ஒவ்வொரு தடவையும் டிஎச்சிபி (ஐபி முகவரி கொடுக்கிற சர்வர்) பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கும். 2024 ஜனவரியில பிக்ஸிஃபெயில்னு வெளியான 9 பாதுகாப்பு ஓட்டைகளும் இந்த யுஇஎஃப்ஐ நெட்வொர்க் ஸ்டேக் கோட்லதான் இருந்துச்சு.

சாட்டா கன்ட்ரோலர்: இங்கே கொஞ்சம் நிதானம் வேணும். ரெண்டு செட்டிங் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். ஒண்ணு கன்ட்ரோலரையே நிறுத்துறது. இன்னொண்ணு 'சாட்டா மோடு', அதாவது சாதாரண ஏஎச்சிஐயா, இன்டெல்லோட சொந்த முறையான ஆர்எஸ்டியாங்கிறது. ரெண்டாவதைத் தெரியாம மாத்தினீங்கன்னா விண்டோஸ் 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்'னு நீலத்திரைல நின்னுடும். கன்ட்ரோலரை நிறுத்துறதுக்கு முன்னாடியும் ரெண்டு சோதனை பண்ணுங்க. எம்.2 துளைல இருக்கிற எல்லாமே என்விஎம்இ கிடையாது. அதே உருவத்துல சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, அதுவா இருந்தா கன்ட்ரோலரோட சேர்ந்து போயிடும். அடுத்தது, உங்க போர்டு தலைமுறைல ஆர்எஸ்டி மோடு போட்டு என்விஎம்இ ரீமேப்பிங் ஆன்ல இருந்தா, என்விஎம்இ டிரைவே அந்த சாட்டா கன்ட்ரோலர் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். கன்ட்ரோலரை நிறுத்தினா பூட் டிரைவே காணாமப் போகும். உங்க லினக்ஸுக்கு அந்த எஸ்எஸ்டி நேராத் தெரியுதுன்னா ஏஎச்சிஐதான், பயம் இல்லை.

சீரியல் போர்ட்: நிறுத்தலாம், நிறுத்தாமலும் இருக்கலாம். சூப்பர் ஐஓ சிப்புக்குள்ள ஒரு மூலை அது. ஃபேன் வேகம், வெப்பநிலையெல்லாம் அதே சிப்தான் பார்க்குது, அதனால சிப் எப்படியும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். நிறுத்தினா 3எஃப்8 முகவரியும் ஐஆர்க்யூ 4-ம் (சாதனம் ப்ராசசரைக் கூப்பிடுற கோடு) விடுபடும், அவ்வளவுதான். இன்னைக்கு யாரும் அதுக்கு வரிசைல நிக்கலை. அதுக்கு மாறா, லினக்ஸ் கெர்னல் பூட் ஆகாம நின்னா என்னன்னு பார்க்க ஒரு சீரியல் கன்சோல் பெரிய உதவி. நானா இருந்தா விட்டுடுவேன்.

உள் கிராஃபிக்ஸ்: தொடாதீங்க. கார்டு மாட்டியிருந்தா 'ஆட்டோ'ல அது தானாவே ஒதுங்கிடும். கார்டு பழுதாகி கழட்டினா தானா திரும்பி வரும். 'டிசேபிள்டு'ன்னு கறாராப் போட்டா, சில போர்டுல கார்டு இல்லாத நேரத்துலயும் அது வராது. குவிக் சிங்க் (உள் கிராஃபிக்ஸோட வீடியோ என்கோடர்) வேணும்னா நேரெதிரா, 'ஐஜிபியு மல்டி மானிட்டரை' எனேபிள் பண்ணணும்.

தொடவே கூடாதது: டிபிஎம் (சாவிகளைப் பாதுகாக்கிற பகுதி; இன்டெல்ல பிடிடி, ஏஎம்டில எஃப்டிபிஎம்), 'லெகசி யுஎஸ்பி சப்போர்ட்', கீபோர்டு மாட்டியிருக்கிற யுஎஸ்பி கன்ட்ரோலர். டிபிஎம் 'ஆன்போர்டு சாதனம்' பட்டியல்ல அப்பாவி மாதிரி உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் 11 கேட்கிறது அதைத்தான்.

ஓம் விதி:

வேகம், மின்சாரம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வேகம் கூடாது. ஐஆர்க்யூ நெருக்கடி என்பது 0 முதல் 15 வரை மொத்தம் 16 கோடுகளை எல்லாச் சாதனங்களும் பங்கு போட்டுக்கொண்ட காலத்துப் பிரச்சினை. ஏபிஐசி (அதிகக் கோடுகள் தரும் இன்டரப்ட் கன்ட்ரோலர்) வந்து, பிசிஐஇ-யில் எம்எஸ்ஐ முறை (கம்பெனி அல்ல; கோடு இல்லாமல் செய்தியாகவே இன்டரப்டை அனுப்புவது) வந்த பிறகு ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி இன்டரப்ட் கிடைக்கிறது. 'எல்லாவற்றையும் நிறுத்து, எஃப்பிஎஸ் ஏறும்' என்று இன்னமும் சுற்றும் அறிவுரை அந்தக் காலத்தின் மிச்சம். விதிவிலக்கு ஒன்று உண்டு: மோசமான வைஃபை டிரைவர் டிபிசி தாமதத்தை (டிரைவர் ப்ராசசரைப் பிடித்துவைக்கும் நேரம்) ஏற்றி, ஒலிப்பதிவில் 'டிக் டிக்' என்று வெட்டு விழ வைக்கும். அதற்கு டிவைஸ் மேனேஜரில் நிறுத்தினாலே போதும்.

பூட் நேரத்தில் பலன் இருக்கலாம், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தில் 'லாஸ்ட் பயோஸ் டைம்' என்று நொடிக் கணக்கு இருக்கும். லினக்ஸில் சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளை 'ஃபர்ம்வேர்' என்று தனியாகப் பிரித்துக் காட்டும். ஒரு செட்டிங்கை மாற்றினால், முதல் பூட்டைக் கணக்கில் எடுக்காமல் இரண்டாவது, மூன்றாவது பூட்டின் எண்ணைப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தருபவை இரண்டுதான்: பிஎக்ஸ்இ, பழைய போர்டுகளில் கூடுதலாக ஒட்டப்பட்டிருக்கும் ஜேமைக்ரான், ஏஎஸ்மீடியா போன்ற சாட்டா சிப்கள். அந்தச் சிப்களின் ஆப்ஷன் ராம் தனித்திரை போட்டு, இல்லாத டிரைவைத் தேடிக்கொண்டு நிற்கும். உங்கள் போர்டில் பின்னது இருக்க வாய்ப்பு குறைவு.

மின்சாரம்: கேபிள் செருகாத கிகாபிட் சிப், ஓசையில்லாத ஆடியோ கோடெக், இவற்றின் நேரடிச் செலவு சுவர் மீட்டரில் தெரிவதே கஷ்டம். பெரிய பலன் மறைமுகமாக வரும். ஒரு பிசிஐஇ சாதனம் தன் இணைப்பை ஏஎஸ்பிஎம் எல்1 என்ற மின்சாரச் சிக்கன நிலைக்கு விடாமல் பிடித்துவைத்தால், ப்ராசசர் முழுவதும் ஆழமான பேக்கேஜ் சி-நிலைக்கு (தூக்க நிலை) போக முடியாது. லினக்ஸில் ரியல்டெக்கின் ஆர்8169 டிரைவர் பல சிப்களுக்கு எல்1-ஐ அணைத்து வைத்திருக்கும். இதற்குப் பேர்போனது அது. பவர்டாப்பை (லினக்ஸில் மின்சாரச் செலவைக் காட்டும் கருவி) திறந்து 'ஐடில் ஸ்டேட்ஸ்' பக்கத்தில் பேக்கேஜ் வரிசையைப் பாருங்கள். லேனை நிறுத்துவதற்கு முன் சி3-யோடு நின்று, பின் அதைத் தாண்டிப் போனால் உங்களுக்கு மிச்சம் உண்டு. மாறவே இல்லை என்றால் தடை வேறெங்கோ, உங்கள் 2.5 கிகாபிட் கார்டே அதுவாக இருக்கலாம். பயோஸில் ஏஎஸ்பிஎம் செட்டிங் 'டிசேபிள்டு' என்று இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, முதலில் அதைப் பாருங்கள்.

அணைத்து வைத்த நிலையில் குறைக்க வேண்டும் என்றால் இந்தப் பட்டியலை விட்டுவிட்டு 'இஆர்பி ரெடி'யை எனேபிள் செய்யுங்கள். பதிலுக்கு வேக்-ஆன்-லேன் (நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்புவது) போகும். அணைந்த நிலையில் யுஎஸ்பியில் போனை சார்ஜ் செய்வதும் போகும்.

நள்ளிரவு ரீபூட்:

மேலே சொல்லாம விட்டது: பிட்லாக்கர், அதாவது விண்டோஸோட டிஸ்க் பூட்டு. 'நான் ஆன் பண்ணவே இல்லையே'ன்னு சொல்லாதீங்க. விண்டோஸ் 11 ஹோம்ல 'டிவைஸ் என்கிரிப்ஷன்'ங்கிற பேர்ல அதுவே ஆன் ஆகியிருக்கலாம். செக்யூர் பூட் (கையெழுத்து உள்ள மென்பொருளை மட்டும் பூட் பண்ண விடுறது) ஒழுங்கா இருந்தா சாவி டிபிஎம்ல பிசிஆர் 7, 11-ங்கிற பதிவேடுகளோட கட்டப்பட்டிருக்கும், லேனை நிறுத்துறதால பொதுவா ஒண்ணும் ஆகாது. செக்யூர் பூட் இல்லைன்னா 0, 2, 4, 11. இதுல 2-ங்கிறது ஆப்ஷன் ராம் கணக்கு. பிஎக்ஸ்இ ராமை நிறுத்தினா அந்தக் கணக்கு மாறலாம், நீலத்திரைல 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். லினக்ஸோட டூயல் பூட் பண்றவங்க நிறைய பேர் செக்யூர் பூட்டை அணைச்சு வெச்சிருப்பாங்க, அதனாலதான் அழுத்திச் சொல்றேன். ரெகவரி கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லேர்ந்து எடுத்து காகிதத்துல எழுதி வைங்க. அப்புறம் ப்ரொடெக்ஷனை சஸ்பெண்ட் பண்ணிட்டு பயோஸுக்குப் போங்க. விண்டோஸ் அடுத்த தடவை பூட் ஆனதும் அதுவே திரும்ப ஆன் ஆகிடும், அதனால ஒவ்வொரு சுற்றுக்கும் சஸ்பெண்ட் பண்ணணும்.

லைசென்ஸை மேக் அட்ரஸோட (நெட்வொர்க் சிப்போட தனி அடையாள எண்) கட்டி வைக்கிற மென்பொருள் ஏதாவது இருக்கான்னும் பாருங்க. ஆன்போர்டு லேன் மறைஞ்சா, அது 'புது கம்ப்யூட்டர்'னு நினைச்சு மூடிக்கும்.

திரை வரலைன்னா: எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைச்சு, பவர் கேபிளை உருவி, பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்தி மிச்ச மின்சாரத்தைக் காலி பண்ணுங்க. போர்டுல ரெண்டு பின் இருக்கும். அசுஸ்ல சிஎல்ஆர்டிசி, எம்எஸ்ஐ-ல ஜேபேட்1, கிகாபைட்ல சிஎல்ஆர்_சிமாஸ். ஸ்க்ரூடிரைவர் முனையால ரெண்டையும் சேர்த்து அஞ்சு பத்து செகண்ட் தொடுங்க. எது அந்தப் பின்னுன்னு மேனுவல்ல பார்த்துட்டுத் தொடுங்க, பக்கத்துல இருக்கிறது யுஎஸ்பி ஹெடரா இருந்தா வம்பு. பின் கைக்கு எட்டலைன்னா சிஆர்2032 பேட்டரியைக் கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க. எல்லா செட்டிங்கும் தொழிற்சாலை நிலைக்குப் போகும், அதாவது ரேமோட எக்ஸ்எம்பி வேக அமைப்பும் போகும். அதனால முன்கூட்டியே எஃப்ஏடி32 பென்டிரைவ் மாட்டி எஃப்12 அழுத்தி ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க. பயோஸ் அப்டேட் பண்ணினாலும் எல்லாம் அழியும். சேவ் பண்ணின ப்ரொஃபைல் புது வெர்ஷன்ல பெரும்பாலும் ஏறாது, படம்தான் உதவும்.

ஒரு தடவைக்கு ஒண்ணு மாத்துங்க. எஃப்10 அழுத்தினதும் என்ன மாறுதுன்னு ஒரு பட்டியல் காட்டும், அதைப் படிக்காம 'யெஸ்' கொடுக்காதீங்க.

வெற்றுத்துளை:

மூவருக்கும் நன்றி. ரெகவரி கீ எழுதி வைத்துக்கொண்டு ஆடியோ, நெட்வொர்க் ஸ்டேக், லேன் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். விண்டோஸில் எல்லாம் சரி. லினக்ஸில் லேனை நிறுத்தியதும் 2.5 கிகாபிட் கார்டும் சேர்ந்து போய்விட்டது! கார்டில் விளக்கு எரிகிறது, டிரைவரும் ஏறியிருக்கிறது, ஆனால் ஐபி முகவரி வரவில்லை. ஈஎன்பி4எஸ்0 என்று இருந்தது இப்போது ஈஎன்பி3எஸ்0 என்று காட்டுகிறது.

பழைய ஜம்பர்:

பதில் உங்க கடைசி வரிலயே இருக்கு. அந்தப் பேர்ல பி-க்கு அடுத்த எண் பிசிஐ பஸ் எண். ரியல்டெக் 3-வது பஸ்ல இருந்துச்சு, கார்டு 4-ல. ரியல்டெக்கோட ரூட் போர்ட் மூடினதும் ஃபர்ம்வேர் வரிசையை மறுபடி எண்ணி, கார்டு 3-க்கு இறங்கிடுச்சு. உங்க நெட்வொர்க் கான்ஃபிக் இன்னும் பழைய பேரைத் தேடிக்கிட்டு நிக்குது. கார்டுக்கு ஒண்ணும் ஆகலை.

ஃபைல்ல 4-ஐ 3-ன்னு திருத்தினா இப்போதைக்கு ஓடும், ஆனா நாளைக்கு இன்னொரு கார்டு மாட்டினா திரும்ப இதே கதை. மேக் அட்ரஸை வெச்சுக் கட்டுங்க. நெட்பிளான்னா 'மேட்ச்' பகுதியில மேக் அட்ரஸ், கூட 'செட்-நேம்'ல நீங்க விரும்புற பேர். நெட்வொர்க் மேனேஜர்னா கனெக்ஷன்லேர்ந்து இன்டர்ஃபேஸ் பேரை எடுத்துட்டு மேக் அட்ரஸைப் போடுங்க. ரெண்டுலயும் இல்லைன்னா சிஸ்டம்டி-யோட 'லிங்க்' ஃபைல். ஃபயர்வால் விதி, பிரிட்ஜ் எதிலயாவது பழைய பேர் இருக்கான்னும் தேடிப் பார்த்துடுங்க.

ஆன்போர்டு லேன் இன்டெல் ஐ219-ஆ இருந்திருந்தா இது நடந்திருக்காது. அதோட கன்ட்ரோலர் சிப்செட்டுக்குள்ளேயே பஸ் 0-ல, 1எஃப்.6-ல உட்கார்ந்திருக்கும், மறைச்சாலும் பின்னாடி வரிசை நகராது. விர்ச்சுவல் மெஷினுக்கு கிராஃபிக்ஸ் கார்டை பாஸ்த்ரூ பண்றவங்க இன்னும் உஷாரா இருக்கணும். அங்கே எழுதி வெச்சிருக்கிறது பஸ் முகவரியே. நகர்ந்துச்சுன்னா வேற ஏதோ ஒரு சாதனத்தை, ஏன் பூட் எஸ்எஸ்டியையே கூட, தூக்கி விர்ச்சுவல் மெஷின் கைல கொடுத்துடும்.

தட்டச்சுப் பலகை:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். அவார்டு பயோஸ் உள்ள பழைய போர்டு, விண்டோஸ் 98. ஐஎஸ்ஏ (பழைய வகைத் துளை) சவுண்ட் பிளாஸ்டர் 16 ஒலிக் கார்டு போட்டிருக்கிறேன். ஆன்போர்டு ஒலியை 'ஏசி97 ஆடியோ: டிசேபிள்டு' என்று நிறுத்தியும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி போகவில்லை. ஓம் விதி சொன்ன ஐஆர்க்யூ காலம் எனக்கு இன்னும் முடியவில்லை!

ஓம் விதி:

உங்களுக்கு அந்த 16 கோடுகளும் உயிரோடுதான் இருக்கின்றன.

ஏசி97-ஐ நிறுத்தினால் ஒலி மட்டும்தான் நிற்கும். கேம் போர்ட்டும் மிடியும் அதே 'இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ்' மெனுவில், 'சூப்பர் ஐஓ டிவைஸ்' என்ற உட்பிரிவில் தனித்தனி செட்டிங்காக இருக்கும். கேம் போர்ட் 201, மிடி 330. உங்கள் சவுண்ட் பிளாஸ்டரும் இதே இரண்டு முகவரிகளைத்தான் கேட்கும். இரண்டையும் டிசேபிள்டு செய்யுங்கள்.

அடுத்து பேரலல் போர்ட். அது 378, ஐஆர்க்யூ 7. வேகமான இசிபி மோடில் இருந்தால் டிஎம்ஏ (ப்ராசசர் இல்லாமல் நினைவகத்தை எட்டும் தடம்) 3 அல்லது 1-ஐயும் எடுத்துக்கொள்ளும். கார்டின் வழக்கமான அமைப்பு 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 மற்றும் 5. ஆக இசிபி டிஎம்ஏ 1-இல் இருந்தால் மோதல் உறுதி. பிரிண்டர் இல்லையென்றால் போர்ட்டையே நிறுத்துங்கள், இருந்தால் சாதாரண எஸ்பிபி மோடுக்கு மாற்றுங்கள்.

மீதி 'பிஎன்பி/பிசிஐ கான்ஃபிகரேஷன்ஸ்' பக்கத்தில். ரிசோர்சஸ் கன்ட்ரோல்டு பை என்பதை மேனுவல் ஆக்கி, ஐஆர்க்யூ 5-ஐ 'லெகசி ஐஎஸ்ஏ' என்று ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஏதாவது ஒரு பிசிஐ கார்டு முந்திக்கொண்டு 5-இல் உட்கார்ந்துவிடும். டிஎம்ஏ 1, 5 இரண்டுக்கும் அதே ஒதுக்கீடு. இது ஜம்பர் வைத்த கார்டுக்கான வழி. பிளக் அண்ட் பிளே வகை என்றால் ஒதுக்கீடு வேண்டாம், ஆட்டோவிலேயே விடுங்கள். கடைசியாக 'ரீசெட் கான்ஃபிகரேஷன் டேட்டா'வை எனேபிள் செய்து எஃப்10. பழைய ஒதுக்கீட்டுப் பட்டியலை அது அழித்துவிட்டு, அடுத்த பூட்டில் தானாக டிசேபிள்டு நிலைக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு விண்டோஸை சேஃப் மோடில் திறந்து, டிவைஸ் மேனேஜரில் இரண்டிரண்டாகத் தெரியும் கேம் போர்ட், எம்பியு-401 (மிடி) பதிவுகளை நீக்கிவிட்டு வழக்கம்போல பூட் செய்யுங்கள்.